பாதத்தில் தொடங்கிய மதமதப்பு, ஏழு மாதமாகியும் காரணம் தெரியவில்லை: அடுத்து எந்தப் பரிசோதனை?

அந்திவானம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. என் உடலில் நடப்பதற்கு ஒரு பெயர் கிடைக்காமல் ஏழு மாதங்களாகத் தவித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் இரண்டு கால்களின் விரல் நுனிகளிலும், வெகுநேரம் காலை மடக்கி உட்கார்ந்து எழுந்தால் வருமே, அதைப் போன்ற மதமதப்பு வந்தது. காலை உதறினால் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. மூன்று மாதத்தில் அது உள்ளங்கால் முழுவதும் பரவி, மெத்தென்ற துணியின் மீது நடப்பது போன்ற உணர்வாக மாறியது. அதன் பிறகு கை விரல்களிலும் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு தொடங்கியது. வலி பெரிதாக இல்லை.

இரத்தச் சர்க்கரை, தைராய்டு, இரத்த அணுக்களின் எண்ணிக்கை, கால்சியம், பி12 அனைத்தும் பார்த்தாயிற்று. கீழ் முதுகுக்கு எம்ஆர்ஐ ஸ்கேனும், கால்களுக்கு நரம்புக் கடத்தல் சோதனையும் எடுத்தார்கள். எல்லா அறிக்கைகளிலும் "இயல்பு" என்றே இருக்கிறது. கடைசியாகப் பார்த்த மருத்துவர், இது மன அழுத்தத்தால் வருவது, கவலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம் என்று எண்ணி இரண்டு மாதம் காத்திருந்தேன். மதமதப்பு கணுக்கால் வரை ஏறியதுதான் மிச்சம். இனி எந்தப் பரிசோதனையைக் கேட்பது, எந்த மருத்துவரிடம் செல்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முன்னாள் ஆய்வகர்

சகோதரி, நான் மருத்துவர் அல்லன். நரம்புக் கடத்தல் சோதனை செய்யும் ஆய்வகத்தில் 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் முன்னே படுத்திருந்தவர்களில் பலர் உங்களைப் போலவே "எல்லாம் இயல்பு" என்ற காகிதக் கட்டோடு வந்தவர்கள். ஆகவே, அந்தச் சொல்லைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

நாங்கள் தோலின் மேல் சிறிய மின்தூண்டல் கொடுத்து, அது நரம்பின் வழியாக எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, எவ்வளவு வலுவோடு வந்து சேர்கிறது என்று அளக்கிறோம். நல்ல நிலையில் உள்ள நரம்பில் கையில் நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டருக்கு மேலும், காலில் 40 மீட்டருக்கு மேலும் இந்த வேகம் இருக்கும். ஆனால் கருவி பிடிப்பது, உறை மூடிய பருத்த நரம்பிழைகளின் ஓட்டத்தை மட்டும்தான். சூட்டையும் வலியையும் உணர்த்துகிற மிக மெல்லிய இழைகள் கெட்டிருந்தால் இந்தச் சோதனைக்குத் தெரியாது. தண்டுவடத்துக்குள்ளே கோளாறு இருந்தாலும் பெரும்பாலும் தெரியாது. கால்களை மட்டும் சோதித்துவிட்டுக் கையைப் பற்றி அந்த அறிக்கை எதுவும் சொல்லவும் முடியாது.

எம்ஆர்ஐ விஷயமும் இப்படித்தான். தண்டுவடம் பெரியவர்களில் முதல் இடுப்பு முள்ளெலும்பை ஒட்டிய இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள். கையும் காலும் சேர்ந்து மதமதக்கும்போது கீழ் முதுகை மட்டும் படமெடுப்பது, கேள்வி எழுந்த இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் தேடுவதாகும்.

எனவே, அடுத்து எந்தப் பரிசோதனை என்ற கேள்வியைச் சிறிது தள்ளி வையுங்கள். ஒரு தாளில் உடலின் முன்புறத்தையும் பின்புறத்தையும் வரைந்து, மதமதப்பு உள்ள இடங்களை மட்டும் பேனாவால் நிழலிடுங்கள். கை விரல்களைத் தனித்தனியாக, இரு பக்கமும் தொட்டுப் பார்த்துக் குறியுங்கள். எந்த நேரத்தில் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது என்று ஒரு வாரம் எழுதுங்கள். நரம்பியலில் "எங்கே" என்பதும் "எப்போது" என்பதும்தான் பாதி விடை. மேலும் ஒன்று கேட்க வேண்டும். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது உங்களுக்குத் தள்ளாடுகிறதா?

வெள்ளைக்கொக்கு

இழையைத் தேடி வந்து படிக்கும் மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். பின்வருவனவற்றில் ஏதேனும் இருந்தால் இங்கே பதில் எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். உடலின் ஒரு பக்கம் திடீரென்று மரத்துப்போதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல். பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி உணர்வு போதல், அதோடு சிறுநீர் வராமல் நிற்றல் அல்லது கட்டுப்பாடின்றிப் போதல். சில நாட்களுக்குள் மதமதப்போடு பலவீனமும் காலிலிருந்து மேலேறுதல்.

கடைசியாகச் சொன்னது என் தம்பிக்கு நேர்ந்தது. வயிற்றுப்போக்கு வந்து குணமான இரண்டாவது வாரத்தில் கால் விரல்கள் குறுகுறுத்தன. நான்காம் நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் அசையவே இல்லை. உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் என்றார்கள். அந்நோயில் மூச்சுத் தசைகளும் தளரக்கூடும் என்பதால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து இம்யூனோகுளோபுலின் செலுத்தினார்கள். இன்று நன்றாக நடக்கிறான். நாங்கள் அன்றிரவே புறப்பட்டதுதான் அவனைக் காப்பாற்றியது.

நற்செய்தி

இவ்வளவு தேடல் தேவையா என்று தோன்றுகிறது. எனக்கும் இதே தொல்லை இருந்தது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை இரண்டு மாதம் எடுத்தேன், சரியாகிவிட்டது. விட்டமின்தானே, உடலுக்குத் தேவையில்லாதது சிறுநீரில் போய்விடும். சகோதரி இன்றே தொடங்கலாம்.

மருந்தாளுநர்

நற்செய்தி அவர்களின் நல்ல மனத்தை மதிக்கிறேன்; ஆனால் இந்த அறிவுரையை மறுக்காமல் இருக்க முடியவில்லை. பி காம்ப்ளெக்ஸில் உள்ள பி6 விட்டமினை அளவுக்கு மிஞ்சி நீண்ட காலம் உட்கொண்டால், அதுவே கைகால்களில் மதமதப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். "தேவையில்லாதது சிறுநீரில் போய்விடும்" என்பது பி6 விஷயத்தில் நம்பத் தகாதது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023ஆம் ஆண்டில் பெரியவர்களுக்கான மேல் வரம்பை ஒரு நாளைக்கு 12 மில்லிகிராம் என்று நிர்ணயித்தது; கடைகளில் கிடைக்கும் சில மாத்திரைகளில் ஒன்றிலேயே இதற்குப் பல மடங்கு இருக்கிறது. மதமதப்புக்காக மாத்திரையைத் தொடங்கி, அதனாலேயே மதமதப்புக் கூடி, அதற்காக மாத்திரையையும் கூட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவதாக, பி12 குறைபாடு இருக்கும் ஒருவர் ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் இரத்தசோகை சரியானது போல் தோன்றும்; நரம்புச் சிதைவோ உள்ளே தொடரும். மூன்றாவதாக, பரிசோதனைக்கு முன்பே பி12 மாத்திரையை விழுங்கிவிட்டால் இரத்தத்தில் அதன் அளவு உயர்ந்துவிடும்; உண்மையில் குறைபாடு இருந்ததா இல்லையா என்பதைப் பின்னர் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.

அந்திவானம் அவர்களே, நீங்கள் இப்போது எடுப்பவை மட்டுமன்றிக் கடந்த ஐந்து ஆண்டுகளில் எடுத்த எல்லா மருந்துகளையும் எழுதிக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்றவை ஆண்டுக்கணக்கில் எடுக்கப்பட்டால் பி12 உட்கிரகிக்கப்படுவதைக் குறைக்கும். மெட்ரோனிடசோல், லினசோலிட், ஐசோனயசிட், அமியோடரோன், புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின், சிஸ்பிளாட்டின் முதலியவை நரம்பைப் பாதிக்கக்கூடியவை. மருத்துவரிடம் "ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா" என்ற கேள்விக்கு, பழகிப்போன வயிற்று மாத்திரையை மருந்தாகவே எண்ணாமல் "இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பட்டியல் மட்டும் போதும். பி12 அறிக்கையில் "இயல்பு" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்பதையும் சொல்ல முடியுமா?

இரவுவிழிப்பு

எனக்குக் கையில் மட்டும் இருந்தது. இரவு இரண்டு மணிக்குக் கை மரத்து விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்து, தெர்மாமீட்டரை உதறுவது போல் கையை உதறினால் சிறிது நேரத்தில் அடங்கும். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று ஓராண்டு கழுத்துப் பட்டை அணிந்தேன். பின்னர் ஒரு மருத்துவர் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து, மோதிர விரலில் நின்றார். நடு விரலை ஒட்டிய பக்கம் மரத்திருந்தது. சுண்டு விரலை ஒட்டிய பக்கம் நன்றாக உணர்ந்தது. ஒரே விரல் இரண்டாகப் பிரிந்திருந்தது! கழுத்துக் கோளாறில் இப்படிப் பிரிவது அரிது என்றும், மணிக்கட்டில் நடு நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளம் இது என்றும் விளக்கினார். இரவில் மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டை கொடுத்தார். மூன்றே வாரத்தில் தூக்கம் திரும்பியது.

தேமல்

இதைக் கேட்டால் பலர் முகம் சுளிப்பார்கள் என்பதால் யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன். உடலில் எங்கேனும் நிறம் மங்கிய தேமல் இருந்து, அதைத் தொட்டால் உணர்வில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொழுநோயில் முழங்கை மூட்டின் உள்பக்கத்தில் ஓடும் நரம்பு கயிறு போல் தடித்திருக்கும். விரலால் தடவினாலே தெரியும். 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்தில் முற்றிலும் குணமாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக 1995 முதல் அந்த மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. நான் குணமடைந்தவன். வெட்கப்பட்டு இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டதால், சுண்டு விரல் மட்டும் இன்னும் மடங்கியே இருக்கிறது.

அந்திவானம்

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒரு வாரம் எழுதினேன். கண்டதை அப்படியே சொல்கிறேன்.

பாதங்களில் இருப்பது இரண்டு பக்கமும் சமமாக, காலுறை அணிந்தது போல் கணுக்கால் வரை, பகலிரவு பேதமில்லை. கைகளில் இருப்பதும் அதன் தொடர்ச்சி என்றுதான் ஏழு மாதமும் நினைத்திருந்தேன். தாளில் விரல்களை வரைந்தபோதுதான் அது வேறு என்று தெரிந்தது. வலக்கையில்தான் அதிகம், கட்டை விரல், சுட்டு விரல், நடு விரல் ஆகியவற்றோடு, இரவுவிழிப்பு சொன்னது போலவே மோதிர விரலில் பாதி. சுண்டு விரலில் எதுவுமில்லை. விடியற்காலையில்தான் கூடுகிறது.

ஆய்வகர் ஐயா கேட்ட கேள்வியைப் படித்ததும் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முகம் கழுவும்போது இடக்கையைச் சுவரில் ஊன்றிக்கொள்வது எனக்கு எப்போது பழக்கமானது என்று நினைவில்லை. நேற்றுக் கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிப் பார்த்தேன். தோள் போய்ச் சுவரில் இடித்தது. இதை எந்த மருத்துவரிடமும் நான் சொன்னதில்லை. இது ஒரு நோய்க்குறி என்றே எனக்குத் தோன்றவில்லை.

நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் நான்கு ஆண்டுகளாகத் தினமும் எடுக்கிறேன். பி12 அளவு 228 பிகோகிராம். ஆய்வகத்தின் கீழ் வரம்பு 200.

மருந்தாளுநர்

200க்கும் 300க்கும் இடைப்பட்ட எண்ணை எல்லைக்கோட்டு அளவு என்றே கருத வேண்டும். இரத்தத்தில் மிதக்கும் பி12இன் எண் ஓரளவு இருந்தும், செல்களுக்குள் அது போதாமல் இருக்கக்கூடும். அந்தப் பற்றாக்குறையை மீதைல் மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் என்னும் இரண்டின் அளவு உயர்வதைக் கொண்டு அறியலாம். இரத்தசோகை இல்லாமலேயே நரம்பு மட்டும் பாதிக்கப்படுவதும் உண்டு. ஆகவே இரத்த அணுக்கள் இயல்பாக இருப்பதை வைத்து ஆறுதல் அடைய முடியாது. இந்தச் சோதனைகளை நரம்பியல் மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள். இதில் தயங்க வேண்டியது எதுவுமில்லை.

ஆறாம் ஆண்டு

சகோதரிக்கு விடை நெருங்குவது போல் தெரிகிறது, மனமார மகிழ்கிறேன். விடை கிடைக்காதவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் என்னுடையதையும் வைக்கிறேன். எனக்குப் பாதங்களில் எரிச்சல்; இரவில் போர்வை பட்டாலே தாங்காது. நரம்புக் கடத்தல் சோதனை மூன்று முறையும் இயல்பு. கடைசியில் கணுக்காலுக்குச் சுமார் 10 செ.மீ. மேலே 3 மி.மீ. அகலத்துக்குத் தோலை எடுத்து, அதிலுள்ள மெல்லிய நரம்பிழைகளை நுண்ணோக்கியில் எண்ணினார்கள். இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவாக இருந்தன. மெல்லிழை நரம்பு நோய் என்ற பெயர் அன்று கிடைத்தது.

காரணம் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைச் சோதனை, கோதுமையிலுள்ள குளூட்டனால் வரும் சீலியாக் நோய்க்கான சோதனை, ஷோக்ரன் நோய்க்கான எதிர்ப்பொருள், இரத்தப் புரதப் பிரிப்பு, ஹெச்ஐவி, சிறுநீரகம் என எல்லாவற்றையும் பார்த்தார்கள். நரம்பு நோயாளிகளில் கணிசமானோருக்குக் காரணம் பிடிபடுவதே இல்லை என்று என் மருத்துவர் மறைக்காமல் சொன்னார். ஆனால் அவர் கோப்பை மூடிவிடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை முக்கியமான சோதனைகளைத் திரும்பச் செய்கிறார். நரம்பு வலிக்கான டுலோக்ஸிடின் மருந்து எடுத்த பிறகு தூங்க முடிகிறது. நோய்க்குப் பெயர் வந்த நாளில் வீட்டுக்கு வந்து அழுதேன். அது துக்கத்தால் வந்த அழுகை அன்று. "உனக்கு ஒன்றுமில்லை" என்று இனி யாரும் சொல்ல முடியாதல்லவா.

நிதானம்

"மன அழுத்தம்" என்ற பேச்சு வந்ததால் ஒரு விளக்கம். பதற்றத்தில் வரும் மதமதப்பு கற்பனை அன்று. வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை கூடுகிறது. அதனால் பயன்படும் நிலையிலுள்ள கால்சியம் குறைந்து நரம்புகள் எளிதில் தூண்டப்படுகின்றன. வாயைச் சுற்றியும் இரு கை விரல்களிலும் குறுகுறுக்கும். சில நிமிடங்களில் வந்து, மூச்சு சீரானதும் போய்விடும். எனக்கு இருந்தது இதுதான், பயிற்சியால் சரியானது. மாதக்கணக்கில் விடாமல் நின்று, படிப்படியாக மேலேறும் ஒன்றுக்கு இந்தப் பெயரை வைப்பதற்கு முன் உடலை முழுமையாகச் சோதித்திருக்க வேண்டும்.

அந்திவானம்

நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். வரைந்த தாளையும் மருந்துப் பட்டியலையும் கொடுத்தேன். அவர் எந்த அறிக்கையையும் திறக்காமல் முதலில் அந்தத் தாளைத்தான் பார்த்தார்.

பிறகு நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவை ஒன்றைத் தட்டி, என் காலின் பெருவிரல் எலும்பின் மீது வைத்தார். அதிர்வு நின்றதும் சொல்லுங்கள் என்றார். வைத்த மறுகணமே "நின்றுவிட்டது" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் அதே கவையை எடுத்து என் நெற்றியில் வைத்தார். அது இன்னும் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. என் காலுக்கு மட்டும் அது கேட்கவில்லை. ஏழு மாதத்தில் எத்தனையோ கருவிகளில் படுத்து எழுந்திருக்கிறேன். என் உடலில் எது போயிருக்கிறது என்பதை எனக்கே காட்டியது அந்த இரும்புத் துண்டுதான். இந்தச் சோதனையை இதற்கு முன் யாரும் செய்யவில்லை என்பதை நினைக்கும்போது இப்போதும் மனம் ஆறவில்லை.

அதிர்வையும், மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் மூளைக்குக் கொண்டுசெல்லும் பாதை தண்டுவடத்தின் பின்பகுதியில் இருக்கிறது, பி12 குறைந்தால் அதுதான் முதலில் பாதிக்கப்படும், கண்ணை மூடினால் நான் தள்ளாடுவதும் அதனால்தான் என்று விளக்கினார். மீதைல் மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன், பி12ஐ உடல் உட்கிரகிக்க உதவும் இரைப்பையின் உட்காரணிக்கு எதிரான எதிர்ப்பொருள் ஆகியவற்றுக்கு இரத்தம் எடுத்தார்கள். கழுத்துக்கு எம்ஆர்ஐ, கைகளுக்கு நரம்புக் கடத்தல் சோதனை எழுதினார்.

அந்திவானம்

முடிவுகள் வந்துவிட்டன. மீதைல் மலோனிக் அமிலமும் ஹோமோசிஸ்டீனும் உயர்ந்திருக்கின்றன. எதிர்ப்பொருள் இல்லை. கழுத்தில் தண்டுவடம் எங்கும் நெருக்கப்படவில்லை. வலது மணிக்கட்டில் நடு நரம்பின் வேகம் குறைந்திருக்கிறது. ஆக, காலுக்கு ஒரு காரணம், கைக்கு இன்னொரு காரணம். இரண்டையும் ஒரே நோயாக எண்ணி, இரண்டுக்கும் பொருந்தும் ஒரு பெயரைத் தேடியதால்தான் எதுவும் பொருந்தவில்லை போலும். பி12 ஊசி 1000 மைக்ரோகிராம் தொடங்கியிருக்கிறார்கள். இரவில் மணிக்கட்டுப் பட்டை. ஒமிப்ரசோலை எப்படிக் குறைப்பது என்று இரைப்பை மருத்துவரோடு பேசச் சொல்லியிருக்கிறார்.

ஓர் ஐயம். ஊசி தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. மதமதப்பு இருந்த இடத்தில் இப்போது சுருக்சுருக்கென்று குத்துகிறது. இது மோசமாவதன் அறிகுறியா?

முன்னாள் ஆய்வகர்

மரத்திருந்த இடம் உணர்வு பெறும்போது சிலருக்கு முதலில் குத்தலும் எரிச்சலும் வருவதுண்டு. ஆயினும் நீங்களாக முடிவு செய்யாமல் மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிடுங்கள். பொறுமையும் தேவைப்படும், அறுபட்ட நரம்பிழை வளர்வதே ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான், தண்டுவடம் தேறும் கணக்கோ மாதங்களில். எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு காலம் கவனிக்காமல் விட்டோம் என்பதைப் பொறுத்தது. ஏழு மாதம் என்பது நம்பிக்கைக்கு இடமளிக்கும் காலம் என்றே நினைக்கிறேன்.

அந்திவானம்

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். கணுக்காலில் இருந்த எல்லை பாதத்தின் நடுப்பகுதிக்கு இறங்கியிருக்கிறது. கை இரவில் எழுப்புவதில்லை. இசைக்கவையின் அதிர்வு பெருவிரலில் சில நொடிகள் தெரிகிறது. முகம் கழுவும்போது இன்னும் சுவரைத் தொட்டுக்கொள்கிறேன்; ஊன்றுவதில்லை. அடுத்த மாதம் கைகளுக்கு மீண்டும் நரம்புக் கடத்தல் சோதனை இருக்கிறது.

முன்னாள் ஆய்வகர்

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. அன்று கைகளை வெந்நீரில் கழுவித் துடைத்துக் கதகதப்பாக வைத்துக்கொண்டு செல்லுங்கள். கை குளிர்ந்திருந்தால் நரம்பின் வேகம் உள்ளதைவிடக் குறைவாகப் பதிவாகும்; சோதனை செய்பவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.